பதினொன்றாம் பொருத்தம்

பாகான் செராய்
16 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை புஷ்பா எழுதிக்கொண்டது.

நான் சுகம். போன மாதத்து ஊசி போட்ட இடம் வீங்கியிருந்தது, இப்போது வடிந்துவிட்டது. உங்கள் இரத்த அழுத்தம், அண்ணியின் முழங்கால், மகள் தினேஸ்வரியின் பேங்க் வேலை மூன்றையும் தனித்தனியாக விசாரிக்கிறேன். ‘யாவரும் நலம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பிவிடாதீர்கள்.

நேற்று இல்லத்தில் பொங்கல் வைத்தோம். பதினேழு பேருக்கு ஒரு பானை. பொங்கி வரும்போது எல்லாரும் சத்தம் போட வேண்டும் என்று சமையல்காரர் கனகராஜ் சொல்லியிருந்தார். வருடம் முழுக்கக் கத்துகிறவர்கள் அன்றைக்கென்று பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். பாவம், அவர் மட்டும் தனியாகக் கத்தினார்.

கைப்பேசி வாங்கித் தருவதாக மறுபடியும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அண்ணே. இங்கே வந்த பதினெட்டு வருடமாகச் சொல்வதுதான். காதில் வெறும் குரல் மட்டும் வந்தால் அது உங்களுடையதா, எனக்குள்ளே பேசுகிறார்களே அந்த ஆட்களுடையதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கையெழுத்து அப்படி இல்லை. உங்கள் ‘ழ’ கால் ஒடிந்த கோழி மாதிரி இருக்கும். தமிழ்ப்பள்ளியில் இரண்டு வருடம் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள் நான், அப்படி ஒரு ‘ழ’வை வேறு எந்தப் பிள்ளையிடமும் பார்த்ததில்லை.

ஒரு புதுச் சேதி. பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். மாதுமை என்று ஒரு பெண், சிலோன்கார வீட்டுப் பிள்ளை, மனோவியல் படித்தவள். எங்களில் நாலு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போய், பெரிய குழாய்க்குள் படுக்க வைத்துத் தலையைப் படம் பிடித்தார்கள். முக்கால் மணி நேரம் டமடமவென்று இடி. எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சத்தத்தில் உள்ளே இருக்கிற ஆட்கள் வாயைத் திறக்கவில்லை.

என் மாதிரி நோய் உள்ளவர்களுக்கு மூளையின் மேற்படலத்தின் தடிமன் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாம். நடுவில் நீர் நிற்கிற அறைகள் சற்றுப் பெரிதாம். நோயே வராத கூடப்பிறந்தவர்களிடமும் அதில் ஒரு பங்கு தெரிகிறதாம். அதனால் அண்ணன் தம்பி தலைகளும் வேண்டுமாம். “உங்க அண்ணன் வருவாரா ஆன்ட்டி?” என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வருகிறீர்களா? பெயர் வெளியே போகாது, எண் மட்டும்தான்.

தினேஸுக்கு என்னை ஞாபகம் இருக்கிறதா? நான் இங்கே வரும்போது எட்டு வயது. இப்போது அவள் எப்படி இருப்பாள் என்று நானாகக் கற்பனை செய்து களைத்துவிட்டேன். ஒரு படம் அனுப்புங்கள்.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்
புஷ்பா

*

குனோங் ராபாட், ஈப்போ
27 பிப்ரவரி 2024

தங்கை புஷ்பலதாவுக்கு அண்ணன் தர்மா எழுதுவது.

இங்கே முருகன் புண்ணியத்தில் எல்லாரும் நலமாக இருக்கிறோம். நீயும் மருந்தை ஒழுங்காக எடுத்து நலமாக இருக்கவும்.

தைப்பூச வேலையில் உடனே பதில் எழுத முடியவில்லை. கோயில் செயலாளர் பதவி என்றால் சும்மாவா? பளிங்குக்கல் ஃபேக்டரியிலும் முப்பது பேருக்கு நான்தான் மண்டோர். மூச்சுவிட நேரமில்லை.

தலையைப் படம் பிடிக்கிற சமாச்சாரத்துக்கு என்னை இழுக்காதே. எனக்கு ஒன்றும் இல்லை. ஐம்பத்தைந்து வயதில் மனசு சரியில்லை என்று ஒரு நாள் லீவு போட்டவன் இல்லை. எந்த ஃபாரத்திலும் என் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதாதே. கடித உறையின் பின்னாலோ கடிதத்திலோ இல்லத்தின் பெயரைப் போடாதே. ஊர்ப் பெயர் மட்டும் போதும். தபால்காரர் நம் கோயிலுக்கு வருகிறவர்.

காரணம் இருக்கிறது. தினேஸுக்கு நல்ல இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் சுரேன், கோலா கங்சாரில் மின்சாரத் தொழில்நுட்பர். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. அவன் அம்மா ஓய்வுபெற்ற தாதி. பெண் பார்க்க வந்த அன்று, “குடும்பத்துல என்னென்ன நோய் இருக்கு?” என்று கேட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த புத்தி. “சுகர் மட்டும்தாம்மா” என்றேன். நம் அம்மா காய்ச்சலில் போனதாகச் சொன்னேன். நாம் பிறந்த தோட்டம் அவர்கள் ஊரிலிருந்து ஆறு மைல்தான். பழைய ஆட்கள் யாராவது வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும்.

தினேஸ் பேங்க் வேலையை விட்டுவிட்டாள். அங்கே எல்லாரும் இவளைப் பற்றியே பேசுகிறார்களாம், பொறாமை. இப்போது வீட்டில்தான். தோழிகளோடு ஓயாத சிரிப்பு நின்றுவிட்டது. கைப்பேசியின் கேமரா ஓட்டையில் பிளாஸ்திரி ஒட்டி அலமாரியில் போட்டுவிட்டாள். கலியாண வயதில் ஒரு பெண்ணுக்கு இப்படி அடக்கம் வருவது நல்லதுதான். எதற்கும் கண்ணேறு கழித்தாயிற்று.

படம் பிறகு அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
தர்மா

*

பாகான் செராய்
5 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. என் சுகத்துக்கு ஒரு குறைவும் இல்லை. உங்கள் சுகத்தையும் அண்ணியின் சுகத்தையும் இந்த ஒரு முறை கேட்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன், மன்னியுங்கள்.

தினேஸை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

அடக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணே, அது அடக்கம் இல்லை. எனக்கு இருபத்து நாலு வயதில் ஆரம்பித்தது எப்படி என்று உங்களுக்கு மறந்துவிட்டதா? ஆசிரியர் அறையில் எல்லாரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு வகுப்பு நடத்தினேன். அப்போதும் நீங்கள் “பொறாம பிடிச்சவளுங்க, விடு” என்றுதான் சொன்னீர்கள்.

அம்மா காய்ச்சலில் போனதாக ஊருக்குச் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு எழுதாதீர்கள். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த மங்குகளையெல்லாம் அம்மா கவிழ்த்து வைத்துக்கொண்டே போவார். அவை காது மாதிரித் திறந்துகொண்டு தன் பேச்சைக் கேட்கின்றன என்பார். கங்காணி பார்ப்பதற்குள் நிமிர்த்திவிட வேண்டும் என்று நீங்கள் பின்னாலேயே ஓடுவீர்கள். உங்களுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடம் கழித்து அம்மாவை ஆற்றிலிருந்து தூக்கி வந்தார்கள். அம்மாவுக்கு மங்கு, எனக்கு ஆசிரியர் அறை, தினேஸுக்குக் கேமரா. ஆளுக்கொரு பொருள், பயம் ஒன்றுதான். யாரோ கேட்கிறார்கள், யாரோ பார்க்கிறார்கள்.

அவளுக்கு வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. மாதுமையிடம் விசாரித்தேன். அத்தைக்கோ பாட்டிக்கோ இருந்தால் நூறு பேரில் நாலைந்து பேருக்கு வரலாம், மற்றவர்களுக்கு வராது. வந்தாலும் முதல் சில மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் படிப்பு, வேலை, கலியாணம் எல்லாம் நடக்கும். எனக்கு மூன்று வருடம் கோயில் கோயிலாகத் தாயத்து கட்டினீர்கள். அந்த மூன்று வருடத்தைத்தான் நான் இன்னும் அனுபவிக்கிறேன். கோபத்தில் எழுதவில்லை. சரி, கோபத்தில்தான் எழுதுகிறேன்.

கலியாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் டாக்டர்.

புஷ்பா

*

குனோங் ராபாட்
22 ஏப்ரல் 2024

புஷ்பலதாவுக்கு,

நலம். நலமாக இருப்பாய்.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பிள்ளையை உன்னோடு சேர்த்து எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? உனக்காக நான் பட்டது போதாதா? ஏழு வருடம் உன்னை என் வீட்டில் வைத்துப் பார்த்தேன். குழந்தை இருக்கும் வீட்டில் நீ கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் போன அன்றுதான் அங்கே கொண்டுபோய் விட்டேன். அதற்கு முன் ஒரு நாளும் உன்னைத் தனியாக விட்டதில்லை.

இருந்தாலும் நீ சொன்னது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நீதான் தலையைப் படம் பிடித்தால் தெரியும் என்று எழுதியிருந்தாய். தினேஸுக்கு ஒற்றைத் தலைவலி என்று சொல்லி, ஈப்போவில் தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தேன். அறிக்கை வந்துவிட்டது. ‘நார்மல்.’ பெரிய எழுத்தில், டாக்டர் கையெழுத்தோடு. மூளையில் ஒரு குறையும் இல்லை. படித்ததும் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன்.

ஜாதகத்தில் பத்துப் பொருத்தத்துக்கு எட்டு இருக்கிறது. இது பதினொன்றாவது என்று நினைத்து, ஜாதகக் கோப்போடு அறிக்கையின் நகலையும் வைத்து சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தேன். சம்பந்தியம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு எடுத்தீங்க?” என்றார். தலைவலிக்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு அதை மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

தர்மா

*

பாகான் செராய்
28 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு,

கும்பிட்டுக்கொள்கிறேன். எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும், எல்லாரையும்விட அவள்.

அந்த அறிக்கையைத் தூக்கி அலமாரியில் போடுங்கள். அது இந்த நோயைப் பற்றி ஒன்றும் சொல்லாது. படம் பிடித்தால் தெரியும் என்று நான் எழுதவே இல்லை. நான் எழுதிய வித்தியாசம் நூற்றுக்கணக்கான நோயாளிகளையும் நூற்றுக்கணக்கான மற்றவர்களையும் அளந்து, கூட்டிக் கழித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒருத்தியின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவளுக்கு உண்டு, இவளுக்கு இல்லை என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கட்டி, இரத்தக் கசிவு இருந்தால் சொல்வார்கள். உங்களுக்கு ‘நார்மல்’ என்று கொடுத்தது அதற்குத்தான்.

நம்பமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் இதைக் கேளுங்கள். நேற்று மாதுமையிடம் கேட்டு என் படத்தின் அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். அதிலும் ‘நார்மல்’ என்றுதான் இருக்கிறது அண்ணே. அதே சொல், அதே பெரிய எழுத்து. எனக்கும் ஒரு தேங்காய் உடையுங்கள்.

உங்களுக்கு ஏன் ஆய்வுக்கு வரப் பயம் என்று இப்போது புரிகிறது. உங்கள் தலையிலும் ஒரு பங்கு இருந்துவிட்டால், அது உங்கள் வழியாக அவளுக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள். யார் கொடுத்ததும் இல்லை, யார் குற்றமும் இல்லை. மரத்தை நட்டவனா மரத்தில் இடி விழச் செய்தான்? ஆனால் பார்த்துக்கொண்டே மறைத்தால் அது குற்றம்தான்.

அடுப்பைத் திறந்துவிட்டதை மறக்கவில்லை. என்னை இங்கே விட்டதற்கு நான் ஒரு நாளும் உங்களைக் குறை சொன்னதும் இல்லை. அவளை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுதுவது சுலபம். நேரில் இருந்தால் உண்மையாகவே விழுந்திருப்பேன்.

புஷ்பா

*

பாகான் செராய்
20 ஜூலை 2024

அண்ணனுக்கு,

மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. நீங்கள் வழக்கமாக அனுப்பும் முறுக்கு, சவர்க்காரப் பொட்டலமும் இல்லை. முறுக்கு போகட்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தினேஸ் எப்படி இருக்கிறாள்? இரண்டு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

இங்கே நெல் அறுவடை முடிந்து வயலெல்லாம் கொக்கு. ஊசி நேற்றுப் போட்டார்கள்.

புஷ்பா

*

குனோங் ராபாட்
11 ஆகஸ்ட் 2024

புஷ்பலதாவுக்கு,

எல்லாரும் நலம். தினேஸ் நலம்.

செப்டம்பர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கலியாணம். ஈப்போவில் கோயில் மண்டபத்தில். நீ அலைய வேண்டாம், கூட்டம் உனக்கு ஒத்துக்கொள்ளாது. இதோடு ஒரு பட்டுச் சேலை அனுப்பியிருக்கிறேன். அன்று காலையில் கட்டிக்கொண்டு இருந்த இடத்திலிருந்தே பிள்ளையை ஆசீர்வாதம் செய்.

அழைப்பிதழ் எல்லாம் தீர்ந்துவிட்டது. அதனால் உனக்கு வைக்கவில்லை.

தர்மா

*

பாகான் செராய்
25 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

சேலை வந்தது. மாம்பழ நிறம், கரை நன்றாக இருக்கிறது. செத்தவளுக்குக் கோடித்துணி எடுக்க வேண்டிய முறையை நீங்கள் விடவில்லை.

எங்கள் சமையல்காரர் கனகராஜின் மனைவி மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்றுவிட்ட உறவாம். அழைப்பிதழ் அவர்களுக்குத் தீரவில்லை. கனகராஜ் அதைக் கொண்டுவந்து, “அக்கா, இதப் பாருங்களேன். உங்க பேரு, உங்க அப்பா பேரு, அப்படியே இருக்குலா” என்று சிரித்தார். பிறகு பெயருக்கு முன்னால் இருந்ததைப் படித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். தங்க எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ‘தெய்வத்திரு சன்னாசி, தெய்வத்திரு செல்லாயி, தெய்வத்திரு புஷ்பலதா ஆகியோரின் ஆசியுடன்.’

என்னை எப்போது கொன்றீர்கள்? அச்சடிக்கக் கொடுத்த அன்றா, அதற்கு முன்பேயா? எதில் செத்தேன்? அம்மாவுக்குக் காய்ச்சல் கொடுத்தீர்கள். எனக்கும் அதேதானா, வேறு ஏதாவது நல்ல நோயாகப் பார்த்தீர்களா? தினேஸுக்கு என்னை ஞாபகம் இருக்கிறதா என்று வருடா வருடம் கேட்டேனே, எந்தக் கடிதத்திலும் நீங்கள் அதற்குப் பதில் எழுதவில்லை. இப்போதுதான் தெரிகிறது.

நான் கலியாணத்துக்கு வரமாட்டேன், பயப்படாதீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். நலங்கு, பரிசம், சடங்கு என்று பிள்ளையை ராத்திரி ராத்திரியாக விழிக்க வைக்காதீர்கள். தூக்கம் கெட்டால் இந்த நோய்க்கு வழி திறந்துவிட்ட மாதிரி. மனசார அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். சேலையைக் கட்டிக்கொள்கிறேன்.

புஷ்பலதா

*

ஈப்போ
12 நவம்பர் 2024

தங்கை புஷ்பாவுக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் ஆகஸ்ட் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் இருந்தேன். நீ இல்லத்துக்குப் போன பிறகு தினேஸ் தினமும் “அத்தை எங்க?” என்று அழுதாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்ல? பள்ளியில் எவனோ, “உங்க அத்தைய பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்களா?” என்று கேட்டிருக்கிறான். ஒரு நாள் டிங்கிக் காய்ச்சலில் சாமிகிட்டப் போய்விட்டாய் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் தூங்கினாள். அதற்குப் பிறகு எப்படித் திருப்பிச் சொல்வது?

கலியாணம் நல்லபடியாக முடிந்தது. தலைதீபாவளிக்கு இருவரும் வந்திருந்தார்கள். இனி வீட்டுக்குக் கடிதம் போடாதே. நீ எழுதிய தீபாவளிக் கடிதம் தினேஸ் கையில் சிக்கிவிட்டது. நான் சமாளித்துவிட்டேன். உறையின் பின்னால் உள்ள ஃபேக்டரி முகவரிக்கு இனி எழுது.

ஒரு விஷயம். என் நண்பர் ஒருவருடைய மகளுக்குக் கொஞ்சம் மனம் சரியில்லை. சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று சாப்பிட மறுக்கிறாளாம். உனக்கு முதன்முதலில் கொடுத்த மாத்திரை பெயர் என்ன? அவர் கேட்டார், அதனால் கேட்கிறேன்.

அண்ணன்
தர்மா

*

பாகான் செராய்
18 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணே,

உங்கள் நண்பர் சுகமா? அவர் மனைவி சுகமா? அவர் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

மாத்திரை பெயர் தெரிந்து கடையில் வாங்குகிற மருந்து இல்லை இது. உங்கள் நண்பரை இன்றைக்கே மகளை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையோடு வாதம் செய்ய வேண்டாம். ஒரே தட்டிலிருந்து முதலில் அவரே எடுத்துச் சாப்பிட்டுக் காட்டட்டும். எனக்கு நீங்கள் அப்படித்தான் செய்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கையால் மட்டும்தான் சாப்பிட்டேன்.

டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார். உங்கள் நண்பரை உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். பாட்டிக்கு இருந்தது, அத்தைக்கு இருக்கிறது என்று. எந்த மருந்து அத்தைக்குக் கேட்டது, எது கேட்கவில்லை என்பதுகூட உதவும். அத்தை உயிரோடு இருக்கிறாள், கேட்டால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பாள் என்று சொல்லுங்கள்.

அண்ணே, என் தீபாவளிக் கடிதத்தை எப்படிச் சமாளித்தீர்கள்?

புஷ்பா

*

ஈப்போ
9 பிப்ரவரி 2025

புஷ்பா,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

நண்பர் யாரும் இல்லை. உனக்குத் தெரியும். தினேஸ் இரண்டு மாதமாக ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிறாள்.

தீபாவளிக்கு மறுநாள் உன் கடிதத்தை அவள் பிரித்துப் படித்துவிட்டாள். தேதியைப் பார்த்தாள், தபால் முத்திரையைப் பார்த்தாள். “அத்தை உயிரோட இருக்காங்களாப்பா?” என்றாள். பிடுங்கிக் கொண்டுபோய்ப் பின்கட்டில் எரித்துவிட்டேன். அவள் காரில் போகும்போது சுரேனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் எனக்கு அழைத்தான். “மாமா, செத்துப்போன அத்தைகிட்டருந்து லெட்டர் வந்துச்சுன்னு சொல்றா. நெசமா?” என்றான். நான், “லெட்டரெல்லாம் ஒன்னும் வரல தம்பி. கலியாண அலைச்சல், தூக்கம் இல்லலா” என்றேன்.

அதற்கு முன்பே அவள் மாமியார் சமைத்ததைச் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். சுவருக்குள் ஆட்கள் பேசுவதாகவும் சொல்லியிருக்கிறாள். அது நோய்தான், நீ சொன்ன அதே நோய். டிசம்பரில் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி பாகான் செராய்க்குப் போயிருக்கிறாள். உன்னைத் தேடி. உன் கடிதத்தில் ஊர்ப் பெயர் மட்டும்தான் இருந்தது. இல்லத்தின் பெயர் இல்லை. நான்தான் போடாதே என்றேன். நாள் முழுக்கக் கடை கடையாக, வாய்க்கால் ஓரமாக நடந்து, “என் அத்தையப் பாத்தீங்களா?” என்று கேட்டிருக்கிறாள். பஸ் நிலையத்தில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தவளைப் போலீஸ் கூட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் என்னிடம் கேட்டார். பக்கத்தில் சுரேன், அந்தப் பக்கம் அவன் அம்மா. “பாகான் செராயில் இவருக்கு அத்தை இருக்கிறாரா?” “இல்லை, இறந்து பல வருடம் ஆகிறது” என்றேன். “குடும்பத்தில் யாருக்காவது மனநோய்?” “இல்லை.” டாக்டர் எழுதிக்கொண்டார். இறந்த அத்தை உயிரோடு இருப்பதாகவும் கடிதம் எழுதுவதாகவும் நம்புகிறார் என்று எழுதினார். நானே கண்ணால் பார்த்தேன். சம்பந்தியம்மா வெளியே வந்ததும், “அன்னைக்கே நெனச்சேன், நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்கு மண்டைய ஸ்கேன் பண்ணாங்கன்னு” என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. சுரேன் மட்டும் வருகிறான்.

ஊசியில் சுவர்ப் பேச்சு நின்றுவிட்டது, சாப்பிடுகிறாள். ஆனால் வாரா வாரம் டாக்டர் அத்தையைப் பற்றிக் கேட்பார். இவள் “இருக்காங்க” என்பாள். இன்னும் தெளியவில்லை என்று மருந்தைக் கூட்டுவார். மருந்தில் அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. “நம்ம குடும்பத்துல எனக்கு மட்டும் ஏம்பா இப்படி?” என்று கேட்டாள்.

நேற்று டாக்டர் கேட்டபோது, “அத்தை செத்துட்டாங்க. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நல்ல முன்னேற்றம், சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் டாக்டர். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவன், காவலாளி எழுப்பும்வரை எழவில்லை.

அம்மா கவிழ்த்த மங்குகளையெல்லாம் நான் நிமிர்த்திக்கொண்டே போனேன் புஷ்பா. யாரும் பார்க்காமல் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அன்றைக்கே பழகிவிட்டேன். நீ என்ன செய்யச் சொல்கிறாயோ செய்கிறேன். சம்பந்தி வீட்டுக்கு மட்டும் தெரியாமல் செய்ய வழி இருந்தால் சொல்.

தர்மா

*

பாகான் செராய்
12 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

வழி இல்லை.

இந்த ஊருக்கு வந்து, இங்கே ஒரு மைல் இரண்டு மைலுக்குள் என் பிள்ளை செருப்பில்லாமல் நடந்திருக்கிறாள். நான் அன்றைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருப்பேன். இதற்கு உங்களை மன்னிக்க எனக்கு வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

வரும் திங்கட்கிழமை பார்வையாளர் நேரத்துக்கு மாதுமை தன் காரில் என்னைக் கூட்டி வருகிறாள். சுரேனையும் அவன் அம்மாவையும் நீங்களே அழைத்து வாருங்கள். நீங்கள் கொடுத்த சேலையைத்தான் கட்டிக்கொண்டு வருகிறேன். டாக்டருக்கு எழுதியதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மாதுமை அதை மலாயில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறாள். உங்கள் இரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

புஷ்பா

*

தினேஸ்வரியைப் பார்க்கும் டாக்டர் அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் நலத்தை நம்பி நிறையப் பேர் படுத்திருக்கிறார்கள்.

என் பெயர் புஷ்பலதா த/பெ சன்னாசி. வயது நாற்பத்தொன்பது. இருபத்து நாலு வயதில் எனக்கு இந்த நோய் தொடங்கியது. முதல் மூன்று வருடம் மருந்தே கொடுக்கவில்லை. எனக்கு ஒத்துக்கொண்ட மருந்துகளும் ஒத்துக்கொள்ளாத மருந்துகளும் தனித்தாளில் இருக்கின்றன. என் அம்மா செல்லாயிக்கும் இந்த நோய் இருந்தது. அவர் காய்ச்சலில் சாகவில்லை. உங்கள் ஃபாரத்தில் குடும்பத்தைப் பற்றிய இடம் காலியாக இருக்கும். அங்கே எங்கள் இருவரையும் எழுதிக்கொள்ளுங்கள். அதை அவளுக்கும் படித்துக் காட்டுங்கள். அவள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

என் அடையாள அட்டையைக் கொண்டுவந்திருக்கிறேன். படம் சரியாக இல்லை, ஆனால் ஆள் நான்தான்.

தினேஸ்வரியின் கோப்பில், இறந்துபோன அத்தை உயிரோடு இருப்பதாக நம்புகிறார் என்று ஒரு வரி இருக்கிறதாம். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். மற்றவையெல்லாம் அவளுடைய நோயாக இருக்கலாம், அவற்றுக்கு மருந்து கொடுங்கள். அந்த ஒரு வரி அவளுடையது இல்லை, அவள் அப்பாவுடையது.

இப்படிக்கு,
தினேஸ்வரியின் அத்தை
புஷ்பலதா